இறங்க மறுத்த ஏழு ஷட்டர்கள்

என் அக்கா அமிர்தத்தின் புருஷனுக்குப் பெயர் ராஜாமணி. சிதம்பரத்தில் வெறும் ராஜாமணி என்று கேட்டால் நான்கு பேரைக் காட்டுவார்கள். ஷட்டர் ராஜாமணி என்றால் நேரே எங்கள் மாமா வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

மாமாவுக்குச் சொந்த ஊர் மங்கலம்பேட்டை. அக்காவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது கிரில் கேட்டுக்கு வெல்டிங் வைக்கிற ஆளாகத்தான் வந்தார். பிறகு கடைகளுக்குக் கையால் இழுத்து மூடுகிற ஷட்டர் போட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணாமலை நகர்ப் பக்கம் புது வீடு கட்டியவர்கள் கார் ஷெட்டுக்கு ரிமோட் ஷட்டர் கேட்க ஆரம்பித்தார்கள். காரில் உட்கார்ந்தபடியே பட்டனை அழுத்தினால் கதவு தானாக மேலே சுருண்டுகொள்ளும். மாமா ஒன்பதாவதைத் தாண்டாதவர். ஒரு மோட்டாரை வாங்கி வந்து வீட்டுக் கூடத்தில் பிரித்துப் போட்டு, மூன்று நாள் அதன் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அந்த மூன்று நாளும் அக்கா சோறு போடவில்லை, நடக்க இடமில்லை என்று.

அவருக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. தன்னுடைய டூல்ஸ் பையை வேறு யாரையும் தூக்க விடமாட்டார். என் பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் என் தோளைப் பிடிக்கமாட்டார், பின்கம்பியைத்தான் பிடிப்பார். இன்னொருவர் மேல் கை வைத்துக்கொண்டு போவது நோயாளி போகிற போக்கு என்பது அவர் கட்சி. மூன்றாவது, சந்தனப் பொட்டு. ஆரம்ப காலத்தில் ஒரு கடை ஷட்டர் அறுந்து, அவர் கால் கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளி வந்து விழுந்தது. அன்றிலிருந்து எந்த வேலை முடிந்தாலும், கடைசியாக எல்லாம் சரிபார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து, குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் தொட்டு ஷட்டருக்கு ஒரு பொட்டு வைப்பார். அதன்மேல் குங்குமம். வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பிறகு திரும்பிப் பார்க்கமாட்டார்.

நான் சிதம்பரம் வண்டிகேட் பகுதியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் இளவரசு. இந்த வருஷம் தை மாதத்திலிருந்து மாமா பைக் ஓட்டுவதை விட்டுவிட்டு, எங்கே போவதென்றாலும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். "முதுகு வலிக்குது மச்சான், நீயே ஓட்டேன்" என்பார். வயசு ஐம்பத்திரண்டு, சோம்பல் வந்துவிட்டது என்று நான் கிண்டல் செய்வேன். கிண்டல் செய்ததை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆயுத பூஜை வந்தால் மாமாவுக்குத் தீபாவளி வந்த மாதிரி. அவர் பராமரிக்கிற பதினோரு வீடுகளில் வீட்டிலிருந்த ஏழு வீட்டுக்காரர்கள் கூப்பிட்டிருந்தார்கள். ஏழுக்கும் என் பைக்கில்தான் போனோம். ஷட்டருக்கு எண்ணெய் விட்டார், ஒட்டடை அடித்தார், ஏற்றி இறக்கிப் பார்த்தார், பொட்டு வைத்தார். ஒவ்வொரு வீட்டிலும் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். வீடு திரும்பும்போது என் பைக்கின் டேங்க் கவர் முழுக்கப் பொரி.

மறுநாள் விஜயதசமி. காலையில் முதல் போன் வந்தது. அண்ணாமலை நகரில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற கனிமொழி மேடம்.

"ராஜாமணி, ஷட்டர் இறங்க மாட்டேங்குது. ஒரு முழம் வருது, அப்புறம் தானா மேல போயிடுது."

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று போன். மறுநாள் மூன்று. ஏழு வீட்டிலும் ஒரே புகார். ஏறுகிற ஷட்டர் இறங்க மறுக்கிறது.

அந்த ஷட்டர்களில் ஒரு பாதுகாப்பு உண்டு. இரண்டு பக்கமும், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், தீப்பெட்டி அளவில் இரண்டு டப்பாக்கள் பொருத்தியிருக்கும். அதற்குச் சென்சார் என்று பெயர். ஒன்றின் நடுவிலுள்ள சின்னக் கண்ணாடியிலிருந்து மற்றதற்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் குழந்தையோ நாயோ வந்து அந்த வெளிச்சம் தடைபட்டால், இறங்குகிற ஷட்டர் பயந்துபோய் மேலே ஏறிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் டப்பாவின் பக்கவாட்டில் கடுகளவு பச்சை விளக்கு எரியும்.

கனிமொழி மேடம் வீட்டில் மாமா முழங்காலிட்டு, முகத்தைச் சென்சாருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "லைட்டு எரியுது. சென்சார்ல ஒன்னும் கோளாறு இல்ல" என்றார். நான் ரிமோட்டை வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றிருந்தேன். அவர் சொன்னால் எனக்கு வேதவாக்கு.

ஏணி போட்டு ஏறினார். மோட்டாரைத் திறந்தார். ஷட்டர் எதுவரை இறங்கி நிற்க வேண்டும் என்கிற லிமிட்டைக் கூட்டினார், குறைத்தார். ஷட்டர் ஓடுகிற தண்டவாளத்தில் எங்கேயாவது பிடிக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மோட்டாரின் சர்க்யூட் போர்டையே மாற்றினார். ஷட்டர் ஒரு முழம் இறங்கி மேலே போனது. இரண்டு மணி நேரம் கழித்து, வேறு வழியில்லாமல், சென்சாரைக் கழற்றி ஒயரை அழுத்தி முறுக்கி, சட்டை முனையில் அழுந்தத் துடைத்து மாட்டினார். ஷட்டர் சமர்த்தாகத் தரை வரைக்கும் வந்தது.

"லூஸ் கான்டாக்ட்" என்றார் மாமா. முகத்தில் உயிர் வந்தது. சந்தன டப்பாவை எடுத்துப் பொட்டு வைத்தார். கிளம்பினோம்.

கடைக்கு வந்து நான் ஒரு டீ குடித்திருக்கமாட்டேன். மேடம் மறுபடியும் போன் செய்தார்கள்.

அடுத்த எட்டு நாளும் இதே கூத்துதான். போவோம், அவர் எல்லாவற்றையும் பிரிப்பார், கடைசியில் சென்சாரைக் கழற்றித் துடைத்து மாட்டுவார், வேலை செய்யும், வந்துவிடுவோம், போன் வரும். இருந்த இரண்டு ஜோடி புதுச் சென்சாரையும் மாட்டிப் பார்த்தார். அவையும் அவர் எதிரில் ஒழுங்காக இருந்துவிட்டு, அவர் முதுகைக் காட்டியதும் கெட்டுப்போயின. ஒரு வீட்டுக்காரர், "நீங்க இருக்கிற வரைக்கும்தான் வேலை செய்யுது ராஜாமணி, பேசாம எங்க கார் ஷெட்லயே படுத்துக்குங்க" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னார். மாமா சிரிக்கவில்லை.

புதுச்சேரியில் யாரோ புதிதாக ஷட்டர் கம்பெனி திறந்து, சிதம்பரம் வரைக்கும் வந்து வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்குக் கடை ஷட்டர் வேலை எப்போதோ நின்றுபோனது. இந்தப் பதினோரு வீடுதான் அவர் அடுப்பு. அந்தப் பதினொன்றும் கனிமொழி மேடம் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிக் கிடைத்தவை. மேடம் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் பதினொன்றும் போய்விடும்.

சனிக்கிழமை காலை மேடம் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்கள்.

"நான் தனியா இருக்கேன் ராஜாமணி. ஒரு வாரமா ராத்திரி கதவு தொறந்து கெடக்குது. மோட்டார்ல தொங்குற சங்கிலிய இழுத்து மூடறதுக்கு என் கையில தெம்பு இல்ல. திங்கக்கிழமை புதுச்சேரிலேர்ந்து அவுங்க வர்றாங்க. அதுக்குள்ள நீங்க சரிபண்ணிட்டா வேணாம்னு சொல்லிடறேன்."

மாமா தலையை ஆட்டினார். வெளியே வந்து காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா கொடுத்து விட்டிருந்த இட்லியைத் தொடவில்லை. "எனக்கு வேலை மறந்துபோச்சா மச்சான்" என்று கேட்டார். அப்படி அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. கேட்டதும் எனக்குத் துக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஆத்திரத்தை யார்மேலாவது காட்ட வேண்டுமே. சென்சார் வாங்கிய கடை கடலூரில், மஞ்சக்குப்பத்தில் இருந்தது. கடைக்காரர் சடையப்பன். "டூப்ளிகேட் மால் குடுத்துட்டான் மாமா, வேற ஒன்னுமில்ல. இதை அவன் மூஞ்சில வீசாம விடமாட்டேன்" என்று சொல்லி, நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேடம் வீட்டுச் சென்சார் இரண்டையும் கழற்றினேன். பிளாஸ்டிக் கவரில் போட்டேன். ரிமோட் ஷட்டருக்கு மாமா பொட்டு வைப்பது சென்சார் மேல்தான். அதன்மேல் சந்தனமும் குங்குமமும் இருந்ததைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். ஆனால் அந்த வாரம் எதன்மேல்தான் சந்தனம் இல்லை. என் கடைக் கல்லாவில், பைக் ஹெட்லைட்டில், மிக்ஸியில், கரண்ட் மீட்டரில், அக்காவின் தையல் மிஷினில், எங்கே பார்த்தாலும் பொட்டு. பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை, அதுவாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம். ஏழு வீட்டிலும் வேலைக்காரர்கள் அதைச் சுற்றித்தான் துடைத்திருக்கிறார்கள்.

கடலூருக்குப் பைக்கிலேயே போனோம். ஆலப்பாக்கம் வரைக்கும் தூறல். மாமா பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

சடையப்பன் கடையில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. போலிச் சரக்கு விற்று ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாய் என்பதுதான் அதில் மரியாதையான பகுதி. அந்த மனிதர் பொறுமைசாலி. கவரை வாங்கிக்கொண்டு, "இருப்பா, சோதிச்சுப் பாத்துடலாம்" என்று இரண்டு டப்பாவையும் மேசைமேல் எதிரெதிராக வைத்து ஒயர் கொடுத்தார். பச்சை விளக்கு எரியவில்லை.

"பாத்தீங்களா?" என்றேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

சடையப்பன் ஒன்றைக் கையில் எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பிறகு சுண்டுவிரல் நகத்தால் சுரண்டினார். மேசைமேல் மஞ்சள் தூள் உதிர்ந்தது. மற்றதையும் சுரண்டினார். துணியால் துடைத்து எதிரெதிரே வைத்தார். இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது.

"ஏம்பா, சென்சாருக்குச் சந்தனக் காப்பு சாத்தி எடுத்தாந்துட்டு என்கிட்ட சண்டைக்கு வர்றீங்களே" என்றார். கடையில் வேலை செய்கிற இருவரும் சிரித்தார்கள். நானும் கூச்சத்தில் சிரித்தேன். அப்பாடா, இவ்வளவுதானா என்று சிரித்தேன்.

மாமா சிரிக்கவில்லை. கையை நீட்டினார். சடையப்பன் சென்சாரை அவர் உள்ளங்கையில் வைத்தார். மாமா கட்டைவிரலால் அதைத் தடவினார். டப்பாவின் மேல்பகுதி, அதற்குக் கீழே நடுவில் கண்ணாடி, மறுபடி மேல்பகுதி.

"நடுவுலயா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நட்ட நடுவுல. கண்ணாடிய மூடிக்கிட்டு" என்றார் சடையப்பன்.

"மேல இல்லையா? கண்ணாடிக்கு மேல ஒரு எடம் இருக்குதே."

"இல்லப்பா."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

மாமா சென்சாரை மேசையில் வைக்கப் போனார். மேசை ஓரத்துக்கு நான்கு விரற்கடை முன்னாலேயே விட்டுவிட்டார். அது தரையில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தை மாதம், முதுகு வலி, பைக், விரலால் தடவிப் பார்ப்பது, எரியாத விளக்கை எரிகிறது என்று சொன்னது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது.

திரும்பும்போது ஆலப்பாக்கத்தில் டீக்கடையில் நிறுத்தினேன். இரண்டு டீ வாங்கி ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத்தான் கேட்டேன்.

"எவ்ளோ நாளா மாமா?"

"பொங்கலுக்கு முன்னாடி ஒரு கண் முகாம் போட்டாங்க. சர்க்கரை கண்ணுக்குள்ள போயிடுச்சுன்னாங்க. ஊசி போடணும், லேசர் வைக்கணும், உடனே வான்னாங்க. நான் போவல."

"ஏன் போவல?"

"போனா கண்ணு தெரியலன்னு ஆயிடும்ல."

எனக்கு வந்த கோபத்தில் டீ கிளாசை அங்கேயே வைத்துவிட்டு ரோட்டோரமாகப் போய் நின்றேன். மனுஷனுக்குப் புத்தி இருக்கிறதா. முகாமில் சொன்ன அன்றே போயிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா. அக்காவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொல்லவில்லை. ஒன்பது மாதம் ஏணியில் ஏறியிருக்கிறார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு வாட்ஸ்அப் பார்த்திருக்கிறேன். அவரைத் திட்டுவதா என்னைத் திட்டிக்கொள்வதா என்று தெரியாமல் அழுகை வந்தது. அவர் பார்த்துவிடப் போகிறாரே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு, திருப்ப வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்து இன்னும் அழுதேன்.

சிதம்பரம் வந்ததும் ஒவ்வொரு வீடாகப் போனோம். நான் ஈரத்துணியால் சென்சார்களைத் துடைத்தேன். ஆறு வீட்டிலும் ஷட்டர் ஒரே தடவையில் தரையைத் தொட்டது. என்ன கோளாறு என்று கேட்டவர்களிடம் தூசி என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். மாமா பொட்டு வைக்கவில்லை.

கடைசியாகக் கனிமொழி மேடம் வீடு. சாயங்கால வெளிச்சம் இருந்தது. நான் சென்சார் இரண்டையும் மாட்டி, பச்சை விளக்கு எரிகிறதா என்று என் கண்ணால் பார்த்துக்கொண்டேன். மேடம் தாமே ரிமோட்டை அழுத்தினார்கள். ஷட்டர் இறங்கி, டக் என்று தரையில் உட்கார்ந்தது. ஏற்றினார்கள், இறக்கினார்கள். ஐந்து தடவை. ஐந்து தடவையும் உட்கார்ந்தது.

மேடத்தின் முகம் அப்படியே இளகிவிட்டது. "நல்லவேளை. எனக்கும் வேற ஆள வெக்க மனசே இல்ல ராஜாமணி. திங்கக்கிழமை வர வேணாம்னு அவுங்களுக்கு இப்பவே போன் பண்ணிடறேன்" என்றார்கள்.

பிழைத்தோம் என்று நினைத்தேன். பதினோரு வீடும் கையில் நிற்கிறது. இனி நான் கூடவே போய்க்கொள்ளலாம், விளக்கை நான் பார்த்துச் சொல்லலாம், ஏணியில் நான் ஏறலாம், ஒரு பிள்ளைக்கும் தெரியாது. பைக்கில் வரும்போதே இதையெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"என்ன ராஜாமணி, பொட்டு வெக்காம போறீங்க?" என்று மேடம் கேட்டார்கள்.

மாமா டூல்ஸ் பைக்குள் கையை விட்டார். சந்தன டப்பாவை எடுத்தார். திறக்கவில்லை.

"இதுதான் மேடம் கெடுத்துச்சு" என்றார். "கண்ணாடிக்கு மேல வெக்கறதா நெனச்சிக்கிட்டு கண்ணாடியிலயே வெச்சிருக்கேன். ஏழு வீட்லயும். எனக்கு கண்ணு தெரியல."

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"இவன் தூசின்னு சொல்லுவான். தூசி இல்ல. அவுங்க திங்கக்கிழமை வரட்டும் மேடம்."

"அதான் சரியாயிடுச்சே" என்றார்கள் மேடம். அவர்கள் குரலும் இறங்கிவிட்டது.

"இந்தத் தடவ மூட மாட்டேன்னு நின்னுச்சு. அதோட போச்சு. நாளைக்கு நான் கண்ணு தெரியாம ஒரு ஒயர மாத்திக் குடுத்துட்டுப் போயி, நீங்க அடியில நிக்கும்போது எறங்கிடுச்சுன்னா? பக்கத்து வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க."

மேடம் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, "மத்த வீட்லயெல்லாம் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

"இனிமேதான்."

"எல்லாருக்கும் நானே போன்ல சொல்லிடறேன். நீங்க சிரமப்பட வேணாம்."

"இல்ல மேடம். நான் வெச்ச பொட்டு. நானே போய்ச் சொல்லிக்கறேன்."

வாசலில் மூன்று படி. முதல் படியில் இறங்கும்போது மாமா காலை முன்னால் நீட்டித் துழாவினார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் கீழேயிருந்து ஏறி வந்தேன். டூல்ஸ் பையை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். நான் நினைத்திருந்ததைவிட அது மிகவும் கனமாக இருந்தது.

"மொதல்ல எந்த வீடு மாமா?" என்று கேட்டேன்.

"கிட்ட இருக்கிறதுலேர்ந்து போ" என்றார்.

பைக்கை ஸ்டார்ட் செய்தேன். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கம்பியைப் பிடித்துக்கொள்வார் என்று கொஞ்சம் காத்திருந்தேன். என் தோளில் அவர் கை வந்து விழுந்தது. வண்டி நகர்ந்த பிறகும் அதை அவர் எடுக்கவில்லை.